ஜாமெட்ரி பாக்ஸ் கேட்டபோது கத்தியது யார்?

திருப்பூரிலிருந்து ஒரு வாசகர் நான்கு பக்கம் எழுதியிருக்கிறார். ஆள் அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

வயது 41. ஒரு பனியன் கம்பெனியில் கணக்குப் பிரிவில் 11 வருடமாக வேலை. மனைவி, ஏழாம் வகுப்புப் படிக்கும் மகள். ஒன்றரை வருடத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை மாலை, வாரக்கூலி பட்டுவாடா நடந்துகொண்டிருந்த நேரத்தில் நெஞ்சு படபடத்து, மூச்சு முட்டி, 'அவ்வளவுதான், செத்தோம்' என்று ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கிறார். 'பேனிக் அட்டாக்' என்று சொல்லி, பதற்றத்தைக் குறைக்கும் எஸ்சிடலோபிராம் மாத்திரை 10 மில்லிகிராம் கொடுத்தார்கள். இரண்டு மாதத்தில் நல்ல குணம் தெரிந்தது. அதன் பிறகு நண்பர்களோடு திருவண்ணாமலைக்குக் கிரிவலம் போனவர், அங்கே ரமணாசிரமத்தில் ரமண மகரிஷியின் 'நான் யார்?' என்ற சின்னப் புத்தகத்தை வாங்கி வந்து, 'நான்' என்பது எது என்று தன்னையே ஆராயும் ஆத்ம விசாரத்தில் இறங்கியிருக்கிறார். ஏழு மாதம் ஆகிறது.

இரவு படுக்கப் பன்னிரண்டு மணி ஆகும். ஆனாலும் மூன்றரைக்கு அலாரம். ஒன்றரை மணி நேரம் கண்ணை மூடிக்கொண்டு, கவனத்தை வலது மார்பில் இறுக்கிப் பிடித்து, 'நான் யார், நான் யார்' என்று 108 தடவை, பிறகு இன்னொரு 108. "ஐந்து நிமிடம்கூட மனம் நிற்பதில்லை டாக்டர். டையிங் பில் வருகிறது, ஜிஎஸ்டி ரிட்டர்ன் வருகிறது, முதலாளி போன வாரம் சொன்ன ஒரு வார்த்தை வருகிறது. எண்ணத்தை அடியோடு நிறுத்த வழி சொல்லுங்கள்" என்கிறார்.

இதற்கிடையே ஒரு வாட்ஸ்அப் குழுவில் யாரோ, 'மாத்திரை போடுகிறவனுக்கு மனம் உள்ளே திரும்பாது' என்று சொல்ல, ஐந்து வாரத்துக்கு முன் மாத்திரையை ஒரே நாளில் நிறுத்திவிட்டார். மருத்துவரிடம் சொல்லவில்லை. நிறுத்திய சில நாளில் தலைக்குள் 'விர்'ரென்று கரண்ட் அடிப்பது போல ஆரம்பித்தது. அதைக் குண்டலினி என்று குழுவில் சொல்லியிருக்கிறார்கள். இரண்டு வாரம் கழித்து, அலுவலகத்தில் செக் எழுதிக்கொண்டிருந்தபோது, எழுதுகிற கை தன்னுடையது இல்லை என்று தோன்றியிருக்கிறது. தொகையை எழுத்தால் எழுதும் இடத்தில் பேனா அப்படியே நின்றுவிட்டதாம். பயமும் வந்தது, பூரிப்பும் வந்தது. ஒரு ராத்திரி, ரமணர் மதுரையில் செய்தது போலப் பிணமாகக் கிடந்து மூச்சை அடக்கிப் பார்த்தார். பழைய பேனிக் திரும்பி வந்து, மனைவி எழுந்து விளக்கைப் போட வேண்டியதாயிற்று.

இப்போது வேலையை விட்டு, பி.எஃப். பணத்தை எடுத்து மனைவி பெயரில் போட்டுவிட்டு, திருவண்ணாமலையில் ஓர் அறை எடுத்துத் தங்க நினைக்கிறார். மனைவிக்கு அதில் சம்மதமில்லை. "ஏனுங்க, உட்கார்ந்தா கல்லு மாதிரி உட்கார்றீங்க, எந்திரிச்சா புலி மாதிரி பாயறீங்க. இது என்ன தியானம்?" என்கிறாராம். கடிதத்தின் ஓரத்தில் இன்னொரு வரியும் இருக்கிறது: தந்தையின் தம்பி இளம் வயதில் திடீரென்று காசிக்குப் போய், மூன்று வருடம் கழித்துத் திரும்பி, 'பைபோலார்' (அளவு மீறிய உற்சாகமும் சோர்வும் மாறி மாறி வரும் மனநோய்) என்று சிகிச்சை பெற்றவர்.

இனி உங்களோடு நேராகவே பேசுகிறேன்.

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது அந்தக் கை அனுபவம் இல்லை. மூன்றாம் பக்கத்தில் போகிற போக்கில் நீங்கள் எழுதியிருந்த ஒரு விஷயம். காலை ஐந்து மணிக்கு, விசாரத்தின் நடுவில், மகள் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து "அப்பா, ஜாமெட்ரி பாக்ஸ் எங்கே?" என்று கேட்டிருக்கிறாள். நீங்கள் கத்தியிருக்கிறீர்கள். அவள் அழுதுகொண்டே போய்விட்டாள். அதைத் 'தியானத்துக்கு வந்த இடையூறு' என்ற பட்டியலில் சேர்த்திருக்கிறீர்கள். அந்தப் பட்டியலுக்குக் கடைசியில் வருகிறேன். அதற்கு முன் அவசரமானதைப் பேசிவிடுவோம்.

முதலில் மாத்திரை

தலைக்குள் கரண்ட் அடிப்பது குண்டலினி இல்லை. எஸ்சிடலோபிராம் வகை மாத்திரைகளைப் பல மாதம் சாப்பிட்டுவிட்டுச் சட்டென்று நிறுத்தினால் பலருக்கு வருவதுதான் அது. தலைசுற்றல், கண்ணைத் திருப்பினால் 'விர்' என்ற அதிர்வு, கெட்ட கனவுகள், எரிச்சல், தூக்கம் கலைவது. நீங்கள் எழுதிய ஐந்தும் இந்த வரிசையில் அப்படியே பொருந்துகின்றன. உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் அதற்கு ஓர் ஆன்மிகப் பெயர் சூட்டிவிட்டால், அடுத்து வரும் நோய்க்குறி எல்லாவற்றுக்கும் பெயர் தயாராக இருக்கும். அதுதான் ஆபத்து.

இந்த மாத்திரையை விடலாமா? விடலாம். உங்கள் மருத்துவரே ஒரு கட்டத்தில் அதைத்தான் சொல்வார். வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில், அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து இறங்க வேண்டும். நீங்கள் மாடிப்படியில் இறங்காமல் பால்கனியிலிருந்து குதித்திருக்கிறீர்கள். இப்போது பயந்துபோய் நீங்களாகவே மீண்டும் ஆரம்பிக்கவும் வேண்டாம். இந்த வாரத்துக்குள் எழுதிக் கொடுத்தவரிடம் போங்கள். சித்தப்பா விஷயத்தைக் கட்டாயம் சொல்லுங்கள். நெருங்கிய உறவில் பைபோலார் இருந்தால் மாத்திரையைத் தேர்ந்தெடுக்கும் விதமே மாறலாம். ஒன்றரை வருடத்தில் ஒருமுறைகூட நீங்கள் அதைச் சொல்லவில்லை என்றே உங்கள் கடிதத்திலிருந்து தெரிகிறது.

'காத்திருக்கும் ஹாலில் கம்பெனி ஆட்கள் பார்த்துவிட்டால்?' என்று கேட்டிருக்கிறீர்கள். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், உங்கள் சிகிச்சை விவரங்களை ரகசியமாக வைத்திருக்கும் உரிமையை உங்களுக்குத் தருகிறது. ஹாலில் பார்க்கிற ஆளைச் சட்டம் தடுக்காது, உண்மைதான். கடைசி டோக்கன் வாங்கிக்கொள்ளுங்கள். ராத்திரி நேரத்தில் பயம் மிஞ்சினால் 14416. டெலி மானஸ் என்ற அரசு சேவை, 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம்.

'மாத்திரை சாப்பிட்டால் விசாரம் நடக்காது' என்ற வாதத்துக்கு ஒன்றே ஒன்று சொல்கிறேன். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர் கிரிவலம் வந்தால், நீ போட்ட மாத்திரையால் மலை உனக்குத் தெரியாது என்று யாராவது சொல்வார்களா? மாத்திரையைக் கையில் எடுக்கும்போது 'இதை விழுங்கப்போகும் நான் யார்?' என்று கேட்டுக்கொண்டே விழுங்கலாம். விசாரம் அங்கேயும் நடக்கும்.

கூடவே ஓர் ஈசிஜியும் எடுத்துவிடுங்கள். வலது மார்பில் கனமும் வலியும் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். ஏழு மாதம் கவனத்தால் இறுக்கிப் பிடித்ததில் தசை வலிக்கிறது என்பதே என் ஊகம். ஆனால் 41 வயது ஆணின் நெஞ்சு வலியை ஊகத்தில் விட்டுவிட நான் தயாராக இல்லை. தைராய்டு, பி12 இரண்டுக்கும் ரத்தம் கொடுங்கள். ஏழு மாதமாகச் சுத்த சைவம் என்கிறீர்கள். பி12 குறைந்தாலும் சோர்வு, மந்தம், கை கால் மரத்துப்போவது எல்லாம் வரும்.

இதயம் வலப்பக்கம் என்று ரமணர் சொன்னது உண்மை. ஆனால் அந்த இடத்தைத் தேடிப் பிடித்துத் தியானிக்கத் தேவையில்லை என்பதும் அவர் சொன்னதுதான். பார்க்க வேண்டுமானால் கண் எங்கே இருக்கிறது என்று தேடிக் கண்டுபிடித்துவிட்டா பார்க்கிறோம் என்பது அவர் கேட்ட கேள்வியின் சாரம். இடத்தை விட்டுவிடுங்கள்.

எண்ணத்தை நிறுத்துவது உங்கள் வேலையல்ல

'நான் யார்?' எப்படி வந்தது என்பதைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். 1901-02 வாக்கில் விருபாக்ஷி குகையில் இருந்த ரமணரிடம் சிவப்பிரகாசம் பிள்ளை என்பவர் வந்து கேள்விகள் கேட்டார். ரெவின்யூ இலாகா உத்தியோகஸ்தர். உங்களைப் போலவே கோப்பும் கணக்குமாக இருந்தவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ரமணருக்கு அப்போது 22 வயது, பேசுவதில்லை. மண்ணிலும் பலகையிலும் எழுதிக் காட்டினார். அதில் எங்கேயும் 108 இல்லை. 'நான் யார்' என்பதை அவர் ஜபமாகத் தரவில்லை. பதில் எழுதவேண்டிய பரீட்சைக் கேள்வியாகவும் தரவில்லை.

அவர் சொன்ன முறையை உங்கள் மேஜைக்கே கொண்டுவந்து சொல்கிறேன். நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள். 'டையிங் பில்லில் பதினெட்டாயிரம் இடிக்குதே' என்று ஓர் எண்ணம் வருகிறது. இங்கே உங்களுக்கு இரண்டு பழக்கம். ஒன்று, அந்தப் பில்லின் பின்னாலேயே போய், யார் டெலிவரி சலான் போட்டது, எந்த லாட் என்று முழுக் கணக்கையும் முடித்துவிட்டு வருவது. இரண்டு, 'ச்சே, மறுபடியும்' என்று எண்ணத்தை நெட்டித் தள்ளுவது. ரமணர் சொன்ன வழி இந்த இரண்டும் இல்லை. எண்ணத்தைப் பூர்த்தி செய்யப் போகாமல், 'இது யாருக்கு வந்தது?' என்று கேட்பது. 'எனக்கு' என்று தானாகவே தெரியும். அந்த 'எனக்கு' என்ற உணர்வு இருக்கிறதே, பெயர், வேலை, வயது எல்லாம் ஒட்டிக்கொள்வதற்கு முந்தைய வெறும் 'நான்', கவனத்தை அதன் பக்கம் திருப்புவது. இரண்டு விநாடி நிற்கும். மூன்றாவது விநாடியில் ஜிஎஸ்டி வரும். மறுபடியும், யாருக்கு?

இதில் நீங்கள் தவறவிடுவது என்னவென்றால், எண்ணம் வருவது இந்தப் பயிற்சிக்குத் தடை இல்லை, கைப்பிடி. பில் வந்ததால்தான் 'யாருக்கு' என்று கேட்க முடிந்தது. கோட்டைக்குள் எதிரி இருக்கும் வரை வெளியே வந்துகொண்டுதான் இருப்பான், வர வர வெட்டிக்கொண்டிருந்தால் கோட்டை வசமாகும் என்று அந்தச் சின்ன நூலிலேயே வருகிறது. ஒருவனும் வெளியே வராமல் இருக்க வேண்டும் என்று வாசலில் உட்கார்ந்து நீங்கள் அழுகிறீர்கள்.

'எனக்கு மட்டும் மனம் இவ்வளவு ஓடுகிறது' என்றும் எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்கு மட்டும் இல்லை. 2010-இல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் இருவர், சுமார் 2,250 பேரைச் செல்போன் வழியாக அவ்வப்போது இடைமறித்து 'இப்போது எதை நினைத்துக்கொண்டிருந்தீர்கள்?' என்று கேட்டார்கள். ஏறக்குறைய 47 சதவிகித நேரம் அவர்களின் மனம் கையில் இருந்த வேலையில் இல்லை. கண்ணை மூடி உட்கார்ந்ததும் எண்ணம் பெருகுகிறது என்று நினைக்கிறோம். பெருகவில்லை. ஃபேன் சத்தம் ராத்திரியில்தானே கேட்கிறது?

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். வருடத்துக்கு ஒருமுறையாவது நான் ரமணாசிரமம் போய்ப் பழைய ஹாலில் உட்காருவது வழக்கம். போன தடவை, அசையாமல், முதுகு நிமிர்ந்து, பார்க்கிறவர்கள் கும்பிடுகிற மாதிரி உட்கார்ந்திருந்தேன். வெளியே ஒரு மயில் அகவியது. அந்தச் சத்தத்தில்தான், கடந்த இருபது நிமிடமும் என் புதுச் செருப்பை வாசலில் எந்த ஓரத்தில் விட்டேன் என்பதையே நினைத்துக்கொண்டிருந்தேன் என்பது தெரிந்தது. சிரிப்பு வந்துவிட்டது. செருப்பு யாருடையது? என்னுடையது. சரி, அந்த நான்? என்னைக் கேட்டால், அன்றைக்கு உருப்படியாக நடந்த விசாரம் அந்த அரை நிமிடம்தான்.

இன்னொன்று. எண்ணமே இல்லாத நிலை வந்துவிட்டாலும் அதுதான் முடிவு என்று எடுத்துக்கொள்ள முடியாது. ரமணர் அடிக்கடி சொன்ன ஒரு கதை உண்டு. கங்கைக் கரையில் ஒரு யோகி, தாகத்துக்குத் தண்ணீர் கொண்டுவரச் சீடனை அனுப்பிவிட்டுச் சமாதியில் ஆழ்ந்துவிட்டார். பல நூறு வருடம் ஓடிவிட்டது. கண் விழித்ததும் அவர் கேட்ட முதல் வார்த்தை, "தண்ணீர் எங்கே?" கடைசியாக எழுந்த எண்ணம், அத்தனை காலமும் மடித்து வைத்த துணி மாதிரி அப்படியே இருந்திருக்கிறது. இதை மனோலயம் என்பார்கள். மனம் ஒடுங்கியது, அழியவில்லை. நீங்கள் மூன்றரை மணிக்கு ஏங்குவது இந்த லயத்துக்குத்தான். அது சில சமயம் வெறும் தூக்கமாகவும் இருக்கும். தலை தொங்கி, சட்டென்று உடம்பு தூக்கிப் போட்டு விழிப்பு வருவதை 'உள்ளே போய் வந்தேன்' என்று எழுதியிருக்கிறீர்கள். பன்னிரண்டுக்குப் படுத்து மூன்றரைக்கு எழுந்தால் யாரானாலும் அங்கேதான் போய் வருவார்கள். அதிகம் தூங்குகிறவனுக்கும் யோகம் இல்லை, தூங்காமலே இருப்பவனுக்கும் இல்லை என்று கீதையின் ஆறாம் அத்தியாயம் சொல்கிறது. ஏழு மணி நேரம் தூங்குங்கள். அதன் பிறகு மிஞ்சுகிற நேரம்தான் பிரம்ம முகூர்த்தம்.

மனம் ரொம்பவும் அலைகிற நாளில் என்ன செய்வது? அன்றைக்கு விசாரத்தை வலிந்து செய்யாதீர்கள். சும்மா இருக்காத யானையின் துதிக்கையில் சங்கிலியைக் கொடுத்தால் அதையே பிடித்துக்கொண்டு நடக்கும் என்று சொல்லியிருக்கிறாரே, அந்தச் சங்கிலி உங்களுக்கு, அருணாசலத்தைப் போற்றி ரமணர் பாடிய அக்ஷரமணமாலையாக இருக்கலாம். உங்கள் பாட்டி சொல்லித் தந்த சஷ்டி கவசமாகவும் இருக்கலாம். வாய்விட்டுச் சொல்லுங்கள். அல்லது நடங்கள். மூச்சு தானாகப் போய் வருவதைப் பார்த்துக்கொண்டிருப்பதும் நல்லதுதான். ஆனால் உங்களுக்கு மூச்சை அடக்குகிற கும்பகம் எதுவும் இப்போது வேண்டாம். மூச்சு முட்டுகிற உணர்வே பேனிக்கைத் தூண்டிவிடும். அப்படியே மூச்சை அடக்கினாலும் மனம் அப்போதைக்கு அடங்குமே தவிர அழியாது என்பதுதான் ரமணரின் கருத்தும்.

அந்தக் கை

செக் எழுதுகிற கை அந்நியமாகத் தோன்றியது முன்னேற்றமா, நோயா என்று கேட்கிறீர்கள். மருத்துவத்தில் இதை டிபெர்சனலைசேஷன் என்கிறோம். தன்னிடமிருந்து தானே விலகி நின்று பார்ப்பது போன்ற உணர்வு. கடுமையான களைப்பு, தூக்கமின்மை, பதற்றம், பேனிக், சட்டென்று நிறுத்திய மாத்திரை, தீவிரத் தியானம் ஆகிய எதனாலும் வரும். உங்களிடம் இந்த ஆறுமே இருந்தன. ஒரு தடவை, சில நிமிடம் வந்து போவது ஏராளமானவர்களுக்கு நடப்பதுதான், அதை நோய் என்று சொல்ல மாட்டேன். முன்னேற்றம் என்றும் சொல்ல மாட்டேன். அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-இல் வெளியிட்ட ஆய்வில், தியானம் செய்பவர்களுக்கு வரும் சவாலான அனுபவங்களை 59 வகையாகப் பிரித்தார்கள். பயம், தூக்கம் கெடுவது, 'நான்' என்ற உணர்வு மாறிப்போவது எல்லாம் அதில் உண்டு. வந்தவர்களில் சிலருக்கு அது நல்லதாக முடிந்தது, சிலருக்குச் சிகிச்சை தேவைப்பட்டது. அனுபவம் ஒன்றே, போகிற வழி வேறு.

நான் பார்த்தவரையில் ஒரு வித்தியாசம் சொல்ல முடியும். விலகல் உணர்வு வரும்போது உலகம் கண்ணாடிக்கு அப்பால் இருப்பது போல மங்கும். குழந்தையைத் தூக்கினாலும் பாசம் எட்டாது. 'இன்னும் இருக்கிறதா, போய்விட்டதா' என்று மனம் நிமிடத்துக்கு ஒருதரம் சோதித்துப் பார்க்கும். விசாரத்தில் கவனம் 'நான்' பக்கம் திரும்பும்போது எதுவும் மங்குவதில்லை. நீங்கள் எழுதியதில் 'மரத்துப்போனது', 'பயம்', 'மறுபடி வருமா என்று கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்' என்ற மூன்றும் இருக்கின்றன. ஆகவே இப்போதைக்கு முதல் வகை என்றே வைத்துக்கொள்வோம். மறுபடி வந்தால் கையைச் சோதிக்காதீர்கள். இரண்டு பாதத்தையும் தரையில் அழுத்தி வையுங்கள், முகத்தில் தண்ணீர் அடியுங்கள், பக்கத்து மேஜைக்காரரிடம் ஏதாவது பேசுங்கள், செக்கை எழுதி முடியுங்கள்.

சில அறிகுறிகள் தெரிந்தால் தியானத்தை அன்றைக்கே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும். இரண்டு மூன்று மணி நேரமே தூங்கியும் களைப்பே இல்லாமல் உற்சாகம் பொங்குவது, தனக்கு ஏதோ விசேஷப் பணி தரப்பட்டிருக்கிறது என்ற நிச்சயம், பணத்தை வாரி இறைப்பது, குரல் கேட்பது, உயிரை விட்டால் என்ன என்ற நினைப்பு. இந்த அறிகுறிகளை உங்கள் மனைவிக்கும் படித்துக் காட்டுங்கள். அவர்தான் முதலில் கண்டுபிடிப்பார்.

மரணத்தை ஒத்திகை பார்க்காதீர்கள்

'பகவானுக்கு வந்ததும் ஒரு பேனிக் அட்டாக்தானே?' என்று கொஞ்சம் குறும்பாகவே கேட்டிருக்கிறீர்கள். நல்ல கேள்வி. 1896 ஜூலையில், மதுரையில் சித்தப்பா வீட்டு மாடியில், 16 வயது வேங்கடராமனுக்கு (ரமணரின் இயற்பெயர் அது) எந்தக் காரணமும் இல்லாமல் மரண பயம் வந்தது என்பது வரை உங்கள் சனிக்கிழமையோடு ஒத்துப்போகிறது. அவர் படுத்தார், கை காலை விறைத்துக்கொண்டார், சாவது எது என்று பார்த்தார். அதோடு மரண பயம் ஒரேயடியாகப் போய்விட்டது என்று அவரே சொல்லியிருக்கிறார். உங்களுக்குப் பயம் போய்ப் போய்த் திரும்பி வருகிறது. ஒரு நூற்றாண்டுக்கு முந்தைய ஞானிக்கு நோய்ப் பெயர் வைக்கிற வேலை எனக்கு வேண்டாம். ஆனால் ஒன்று தெரிகிறது. அவருக்கு அது தானாக வந்தது, வந்ததை எதிர்கொண்டார். நீங்கள் புத்தகத்தில் படித்ததை, மாத்திரை விட்ட வாரத்தில், மூச்சைப் பிடித்துக்கொண்டு நடித்துப் பார்த்தீர்கள். பேனிக் வரவழைக்க இதைவிட நல்ல ஏற்பாடு என்னாலும் செய்ய முடியாது.

அடுத்து நடந்ததையும் மறக்க வேண்டாம். திருவண்ணாமலை வந்த அந்தப் பையன், கோயிலில் தரைக்குக் கீழே இருக்கும் பாதாள லிங்கச் சன்னிதியில் பூச்சி அரித்த உடம்போடு கிடந்தபோது, சேஷாத்திரி சுவாமிகளும் மற்றவர்களும் பார்த்துக்கொண்டார்கள். பிறகு பழனிசாமி என்ற அன்பர் வருடக்கணக்கில் கூடவே இருந்து கவனித்தார். நீங்கள் எடுக்க நினைக்கும் அறையில் யார் இருப்பார்கள்?

வேலையை விடுவது

இது உங்கள் முடிவு, தடுக்க எனக்கு உரிமையில்லை. ஆனால் மாத்திரையை நிறுத்திய ஐந்தாவது வாரத்தில், மூன்றரை மணி நேரத் தூக்கத்தில் எடுக்கிற முடிவு இது. மருத்துவர் சரி என்று சொன்ன பிறகும் ஆறு மாதம் தள்ளிப் போடுங்கள். குடும்பத்தை விட்டு வர அனுமதி கேட்டு வந்த பலரை ரமணர் உற்சாகப்படுத்தவில்லை. வீட்டை விட்டுப் போனாலும் மனம் கூடவேதானே வரும் என்பது அவர் சொன்ன காரணம். ஆசிரமத்தில் முன்கூட்டியே எழுதிக் கேட்டால் சில நாள் தங்க இடம் தருவார்கள். ரிட்டர்ன் போட்டு முடித்த வாரத்தில் மூன்று நாள் லீவு போட்டுப் போய் வாருங்கள். மகளுக்கு லீவு இருந்தால் இருவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். மயிலைப் பார்க்கட்டும்.

ஜாமெட்ரி பாக்ஸ்

இப்போது அந்தப் பட்டியலுக்கு வருகிறேன். மூன்றரை மணி இருட்டில் ஒன்றரை மணி நேரமாகத் தேடியும் கிடைக்காத 'நான்', ஐந்து மணிக்கு மகள் கதவைத் திறந்ததும் முழு உருவத்தோடு எழுந்து நின்றதே, கவனித்தீர்களா? 'என் தியானத்தை, என் நேரத்தில், என்னை' என்று மூன்று 'என்' போட்டுக்கொண்டு வந்தது. சாந்தமாக இருக்கும்போது 'நான்' மெல்லிசாக இருக்கும், பிடிபடாது. கோபத்திலும் அவமானத்திலும் அது கெட்டியாக, சூடாக, கையில் பிடிக்கிற மாதிரி இருக்கும். 'யாருக்குக் கோபம்?' என்று கேட்க அதைவிடத் தோதான நொடி எது? முதலாளி சொன்ன அந்த ஒரு வார்த்தை ஒரு வாரமாக உங்களைக் குத்துகிறது என்றீர்கள். குத்துவது யாரை என்று ஒருமுறையாவது கேட்டீர்களா, அல்லது என்ன பதில் சொல்லியிருக்கலாம் என்றே யோசித்தீர்களா? நான் பந்தயம் கட்டுவேன், இரண்டாவதுதான்.

ஆகவே, மருத்துவரைப் பார்த்து, தூக்கம் சரியாகும் வரை ஒன்றரை மணி நேர உட்காரல் வேண்டாம். காலை ஆறு மணிக்குப் பதினைந்து நிமிடம், கதவைத் தாழ் போடாமல். எண்ணிக்கை இல்லை, இருட்டு இல்லை, கண் திறந்திருந்தாலும் பரவாயில்லை. மற்றபடி நாள் முழுக்க, எரிச்சல் வரும்போது மட்டும், ஒரே ஒரு தடவை 'யாருக்கு?' அவ்வளவுதான். இதைச் செய்கிறீர்கள் என்று யாருக்கும் தெரியவேண்டியதில்லை. வாட்ஸ்அப் குழுவுக்கும்.

கல்லும் புலியும் என்று உங்கள் மனைவி சொன்னதை நான் என் நோயாளி ஒருவரின் குறிப்பேட்டில் எழுதவேண்டி வந்தால் அப்படியே எழுதியிருப்பேன். அவ்வளவு துல்லியம். உட்காரும்போது அமுக்கி வைத்தது எழுந்ததும் பாய்கிறது. அதில் மாத்திரையை நிறுத்திய எரிச்சலுக்கும் பங்கு இருக்கிறது. அவரை எதிர்க்கட்சியாக நினைக்காமல், மருத்துவரிடம் போகும்போது கூட அழைத்துப் போங்கள். கேட்கிற கேள்விகளில் பாதிக்கு அவரிடம்தான் சரியான பதில் இருக்கும்.

போகும்போது ஒரு தாளில் இவற்றை எழுதிக்கொள்ளுங்கள்: மாத்திரை ஆரம்பித்த தேதி, நிறுத்திய தேதி, கரண்ட் அடிப்பது வாரத்துக்கு எத்தனை தடவை, கை அனுபவம் எத்தனை நிமிடம், எத்தனை மணிக்குப் படுத்து எத்தனை மணிக்கு எழுகிறீர்கள், சித்தப்பா. கணக்கு எழுதுகிறவருக்கு இது கஷ்டமில்லை. 20-ஆம் தேதி ரிட்டர்னைக் காரணம் காட்டித் தள்ளிப் போடவேண்டாம், அதற்கு முன்பே போய்விடுங்கள். ஈசிஜி எப்படி வந்தது என்பதை எனக்கும் ஒரு வரி எழுதுங்கள். மகளிடம் பேசினீர்களா என்பதையும்.